ஒன்பது ஆட்ட முன்னிலை எங்கே போனது?

கேள்வி | செப்டம்பர் 18, 2011, இரவு

செப்டம்பர் 3 அன்று வைல்ட் கார்டு (பிரிவில் முதலிடம் பிடிக்காத அணிகளில் சிறந்த ஒன்றுக்கு அடுத்த கட்டத்தில் கிடைக்கும்) இடத்துக்கான போட்டியில் டாம்பா பே ரேஸை விட நம்ம ரெட் சாக்ஸ் ஒன்பது ஆட்டம் முன்னால் இருந்தது. இன்றைய தோல்வியோடு அது இரண்டு. நான் போன வருஷம்தான் பேஸ்பால் பார்க்க ஆரம்பித்தேன். இதெல்லாம் சகஜமா, இல்லை பயப்பட வேண்டுமா? பாஸ்டனில் ரொம்ப நாளாக இருப்பவர்கள் சொல்லுங்கள்.

செப்டம்பர் 18, 2011

பயப்பட வேண்டாம். இந்த அணி ஏப்ரலில் முதல் ஆறு ஆட்டத்தையும் தோற்றது. முதல் பன்னிரண்டில் ஜெயித்தது இரண்டே இரண்டு. நான் அப்போது சரியாகக் கவனிக்கவில்லை என்பது வேறு விஷயம். ஏப்ரல் 2 அன்று, பாஸ்டன் நேரப்படி மதியம், மும்பையில் தோனி அடித்த சிக்ஸரோடு நான் மிதக்க ஆரம்பித்துவிட்டேன். அன்று ராத்திரி டெக்சஸில் நமக்குப் பந்து போடும் ஜான் லாக்கி நாலு இன்னிங்ஸ்கூட முழுசாக முடிக்காமல் ஒன்பது ரன் கொடுத்தார். சிரித்தபடி சேனலை மாற்றி மறுபடியும் உலகக் கோப்பை ஹைலைட்ஸ் பார்த்தேன். அதே அணிதான் ஆகஸ்ட் முடிவில் 83 வெற்றி, 52 தோல்வி என்று நின்றது.

162 ஆட்டம். கிட்டத்தட்ட தினமும் ஒன்று. இதில் இரண்டு வாரம் சரிவது பெரிய விஷயமே இல்லை. பாக்கி பத்து ஆட்டத்தில் ஏழு பால்டிமோரோடு. அவர்கள் நம் பிரிவில் கடைசி இடம். நிம்மதியாகத் தூங்குங்கள்.

செப்டம்பர் 21, 2011

மேலே எழுதியதை அழிக்கலாமா என்று பார்த்தேன். வேண்டாம், இருக்கட்டும்.

நேற்று நம் மைதானமான ஃபென்வேக்கு நேரில் போனேன். நின்றுகொண்டே பார்க்கும் டிக்கெட்தான் கிடைத்தது. ஒன்பதில் எட்டாவது இன்னிங்ஸ் வரை முன்னால் இருந்தோம். பேஸ் மூன்றும் நிரம்பியிருக்கும்போது ராபர்ட் ஆண்டினோ என்று ஒருவர் டபுள் (அடித்தவர் இரண்டு பேஸ் ஓடும் அடி) அடித்தார், மூன்று பேரும் வீடு (ரன் கணக்காகும் ஹோம் பேஸ்) போய்ச் சேர்ந்தார்கள். ஏழுக்கு ஐந்து தோல்வி. யார் இந்த ஆண்டினோ என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. பெயரை ஞாபகம் வைக்கத் தேவையில்லாத ஆள் என்றார்.

இன்றும் தோல்வி. பால்டிமோரோடு நாலு ஆட்டத்தில் மூன்று போச்சு. ஜெயித்த ஒன்றில் 18 ரன் அடித்தோம். அதில் பாதியை அடுத்த நாளுக்கு எடுத்து வைக்க வழியில்லை.

செப்டம்பர் 26, 2011, அதிகாலை

நியூயார்க்கில் 14 இன்னிங்ஸ். நம்ம எல்ஸ்பரி மூன்று ரன் தரும் ஹோம் ரன் (சிக்ஸர் மாதிரி) அடித்தார். ஒருவழியாக ஒன்று ஜெயித்தோம். நாளை அலுவலகத்தில் தூங்கி வழியப் போகிறேன், கவலையில்லை. இன்னும் ஒரு ஆட்டம் முன்னால்தான் இருக்கிறோம்.

இதைக் கவனித்தீர்களா: இந்த மாதம் அடுத்தடுத்து இரண்டு ஆட்டம் ஒரு தடவைகூட ஜெயிக்கவில்லை. ஒரு தடவைகூட.

செப்டம்பர் 29, 2011, காலை

தூங்கவில்லை. கேள்வி கேட்டவரே, மன்னித்துவிடுங்கள்.

பார்க்காதவர்களுக்காக, கடைசி நாள் கதை. நாமும் ரேஸும் சம நிலையில் இறங்கினோம். பால்டிமோரில் நாம் மூன்றுக்கு இரண்டு முன்னால். அங்கே டாம்பாவில் யாங்கீஸ் ஏழுக்குப் பூஜ்யம் முன்னால். நடுவில் நமக்கு மழை வந்து 86 நிமிஷம் ஆட்டம் நின்றது. 1918-க்கும் 2004-க்கும் இடையில் 86 வருஷம் கோப்பைக்காகக் காத்திருந்த ஊர் இது. அந்த எண்ணைப் பார்த்ததும் பக்கத்து வீட்டுப் பெரியவர் டிவியை அணைத்துவிட்டாராம். 1978-ல் யாங்கீஸை விட 14 ஆட்டம் முன்னால் இருந்து கோட்டை விட்டதை நேரில் பார்த்தவர். எங்களுக்கு அந்த முன்ஜாக்கிரதை இல்லை.

மழை விட்டு ஆட்டம் தொடங்குவதற்குள் டாம்பாவில் ரேஸ் எட்டாவது இன்னிங்ஸில் ஆறு ரன் எடுத்துவிட்டார்கள். ஒன்பதாவதில் இரண்டு அவுட், இன்னும் ஒரே ஒரு ஸ்ட்ரைக் விழுந்தால் ரேஸ் கதை முடிந்தது. ரேஸின் டேன் ஜான்சன் ஹோம் ரன் அடித்து சமன் செய்தார். அவருடைய சராசரி அதுவரை .108. அதாவது பத்து தடவை வந்தால் ஒரு தடவை அடிப்பவர்.

சரி, அது அவர்கள் பாடு. நம் ஆட்டத்தில் ஒன்பதாவது இன்னிங்ஸ், பந்து கடைசி இன்னிங்ஸுக்கு வரும் நம் ஜோனதன் பாப்பல்பான் கையில். இந்த வருஷம் எட்டு இன்னிங்ஸ் முடிவில் முன்னால் இருந்த 77 ஆட்டத்தையும் ஜெயித்த அணி நாம். பால்டிமோரின் முதல் இரண்டு பேரும் ஸ்ட்ரைக் அவுட். நான் எழுந்து நின்றுவிட்டேன். கிறிஸ் டேவிஸ் டபுள். ரீமோல்ட் டபுள், ஆட்டம் சமன். அடுத்து யார் வருகிறார் என்று பார்த்தால், ஆண்டினோ. பெயரை ஞாபகம் வைக்கத் தேவையில்லாத அதே ஆள். இடது பக்கம் தாழ்வாக ஒரு அடி. கார்ல் கிராஃபோர்டு சறுக்கிப் போய்க் கையுறையை நீட்டினார், பந்து உள்ளே நிற்கவில்லை. முடிந்தது.

மூன்று நிமிஷம் கழித்து டாம்பாவில் ரேஸின் லொங்கோரியா, 12-வது இன்னிங்ஸில், இடது மூலையில் சுவர் தாழ்ந்திருக்கும் அந்த ஒரே இடத்தில் ஹோம் ரன் அடித்தார். அவர்கள் 91 வெற்றி, நாம் 90.

கிராஃபோர்டு போன வருஷம் வரை டாம்பாவில் ஆடியவர். 7 வருஷத்துக்கு 142 மில்லியன் டாலர் கொடுத்து நாம்தான் கூட்டி வந்தோம்.

செப்டம்பர் 29, 2011, மாலை

ஒருவர் எட்டாவது இன்னிங்ஸில் நம்ம ஸ்கூட்டரோ செய்த தப்பை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டிருக்கிறார். வேண்டுமென்றே விட்டேன். கிராஃபோர்டு அடித்த டபுளைப் பிடித்துவிட்டார்கள் என்று நினைத்து அவர் பாதி வழியில் தயங்கி, பிறகு ஓடி, வீட்டில் அவுட் ஆனார். தயங்காமல் ஓடியிருந்தால் நாலாவது ரன். அதை யோசித்தால் இன்றைக்கும் தூக்கம் வராது.

அக்டோபர் 1, 2011

மேனேஜர் டெரி ஃபிராங்கோனா போய்விட்டார். 2004, 2007 என்று இரண்டு கோப்பை வாங்கித் தந்த மனிதர். செப்டம்பரில் 7 வெற்றி 20 தோல்வி, அதற்கு யாராவது ஒருவரைப் பலி கொடுக்க வேண்டும். பந்து போட்டவர்களில் பலரை அனுப்ப முடியாது, நீண்ட ஒப்பந்தம்.

அக்டோபர் 13, 2011

பாஸ்டன் குளோப் செய்தியைப் படித்தீர்களா? தாங்கள் பந்து போடாத நாட்களில் ஸ்டார்ட்டர்கள் (ஆட்டத்தைத் தொடங்கிப் பந்து போடுபவர்கள்) சிலர், ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, உள்ளே உட்கார்ந்து பொரித்த கோழியும் பீருமாக வீடியோ கேம் ஆடினார்களாம். பெக்கெட், லெஸ்டர், லாக்கி.

நான் செப்டம்பர் 20-ஆம் தேதி மூன்று மணி நேரம் கால் கடுக்க நின்றேன். கோழியை மென்றபடி ஒருவர் ஏசியில் இருந்திருக்கிறார்.

என் யோசனை: லாக்கியை யார் கேட்டாலும் கொடுத்துவிடுங்கள். யாரும் கேட்காவிட்டால் நாமே வண்டி பிடித்து அனுப்புவோம். 5 வருஷம், 82.5 மில்லியன் டாலர். இந்த வருஷம் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரி 6.41 ரன். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: இந்த ஆள் ஃபென்வேயில் ஒரு முக்கியமான ஆட்டம் ஜெயித்தால், அவருடைய 41-ஆம் நம்பர் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு ஒரு வாரம் அலுவலகம் போகிறேன்.

அக்டோபர் 16, 2011

மூன்று நாளாகக் கோழியைப் பற்றியே பேசி எனக்கே அலுத்துவிட்டது. இன்று ஞாயிறு, உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன்.

இதே ஆட்கள் ஜூன், ஜூலையில் என்ன சாப்பிட்டிருப்பார்கள்? கீரையா? அப்போது அமெரிக்கன் லீக்கிலேயே நல்ல அணி நாம்தான். பெக்கெட்டின் முழு வருஷச் சராசரி 2.89. கோழி அப்போதும் இருந்திருக்கும், யாரும் எழுதவில்லை.

மாறியது வேறு. வருஷம் தொடங்கியபோது ஐந்து ஸ்டார்ட்டர்கள்: லெஸ்டர், லாக்கி, பக்ஹோல்ஸ், பெக்கெட், மட்சுசாகா. மட்சுசாகாவுக்கு ஜூனில் முழங்கை அறுவை சிகிச்சை. பக்ஹோல்ஸுக்கு அதே ஜூனில் முதுகு, அதோடு சரி. அந்த இரண்டு இடத்தையும் யாரை வைத்து நிரப்பினோம்? 45 வயசு டிம் வேக்ஃபீல்ட். ஜூலைக் கடைசி நாளில் சியாட்டிலிலிருந்து வாங்கிய, அடிக்கடி காயப்படும் பெடார்ட். கட்டுப்பாடில்லாத மில்லர். அன்றைக்குத்தான் மீசை முளைத்த மாதிரி இருந்த வைலண்ட். வேக்ஃபீல்டின் 200-வது வெற்றிக்கு எட்டு முறை முயல வேண்டியிருந்தது. செப்டம்பர் 13 அன்று அது வந்தபோது நானும் கண் கலங்கினேன், மறுக்கவில்லை. ஆனால் போட்டி நெருக்கும்போது ஒருவரின் மைல்கல்லுக்காகக் காத்திருக்கும் நிலையில் இருந்தோம் என்பதுதான் நோய்.

செப்டம்பரில் நம் ஸ்டார்ட்டர்கள் ஒன்பது இன்னிங்ஸுக்குக் கொடுத்தது சராசரி 7.08 ரன். அவர்கள் சீக்கிரம் போகப் போக, கடைசி இன்னிங்ஸ்களுக்கு வரும் பார்டும் பாப்பல்பானும் தினமும் வர வேண்டியதாயிற்று. கடைசி நாளில் பாப்பல்பானின் பந்து ஏன் அடி வாங்கியது என்று கேட்பவர்கள் அதற்கு முந்தைய நாட்களையும் எண்ணுங்கள்.

ஆகவே இந்தக் குளிர்காலத்தில் வாங்க வேண்டியது நல்ல ஸ்டார்ட்டர்கள் இரண்டு பேர். ஒழுக்கம் போதிக்கும் மேனேஜர் இல்லை.

(லாக்கி பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை.)

அக்டோபர் 26, 2011

ஆட்களை வாங்கி விற்கும் ஜெனரல் மேனேஜர் தியோ எப்ஸ்டீன் சிகாகோ கப்ஸுக்குப் போய்விட்டார். அவர் இடத்தில் பென் செரிங்டன். புது ஆள் முதல் நாளே சொன்ன செய்தி: லாக்கிக்கு முழங்கையில் டாமி ஜான் அறுவை சிகிச்சை, 2012 முழுக்க ஆட மாட்டார்.

அப்படியென்றால் இந்த மனிதர் கிழிந்த கையோடுதான் போட்டுக்கொண்டிருந்தாரா? 13-ஆம் தேதி எழுதியது கொஞ்சம் உறுத்துகிறது. கொஞ்சம்தான். 6.41 என்பது 6.41.

நவம்பர் 14, 2011

பாப்பல்பான் ஃபிலடெல்ஃபியாவுக்கு. 4 வருஷம், 50 மில்லியன். ஒரு இன்னிங்ஸ் மட்டும் போடுபவருக்கு இவ்வளவு கொடுக்காமல் விட்டது சரி. இங்கே என்னைத் திட்டியவர்கள் திட்டிக்கொள்ளுங்கள்.

டிசம்பர் 2, 2011

புது மேனேஜர் பாபி வேலன்டைன். ஒழுக்கம் போதிப்பவர். நான் அக்டோபர் 16-ஆம் தேதி எழுதியதை நிர்வாகம் படிக்கவில்லை என்பது உறுதியாகிவிட்டது.

டிசம்பர் 29, 2011

ஓக்லண்டிலிருந்து ஆண்ட்ரூ பெய்லி வருகிறார், குளோசர் (கடைசி இன்னிங்ஸ் போடுபவர்) வேலைக்கு. கூடவே ரையன் ஸ்வீனி. பதிலுக்குப் போவது ஜாஷ் ரெடிக்கும் இன்னும் இரண்டு இளைஞர்களும். இரண்டு வாரம் முன்பு ஹூஸ்டனிலிருந்து மெலன்சன். பார்டை ஸ்டார்ட்டராக மாற்றப் போகிறார்களாம்.

எனக்குப் பிடித்திருக்கிறது. ரெடிக் போனால் போகட்டும், அவரைப் போல் பத்துப் பேர் கிடைப்பார்கள்.

மார்ச் 3, 2012

இரண்டு செய்தி. வேலன்டைன் உடைமாற்றும் அறையில் பீருக்குத் தடை போட்டிருக்கிறார். கோழிக்கு விலக்கு உண்டு போலிருக்கிறது.

இன்னொன்று வயிறு எரிய வைப்பது. இந்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு லீக்கிலும் வைல்ட் கார்டு இடம் இரண்டு. இரண்டு அணிகளும் ஒரே ஒரு ஆட்டம் ஆடி, ஜெயிப்பவர் அடுத்த கட்டத்துக்குப் போவார். இது போன வருஷமே இருந்திருந்தால் ஆண்டினோ அடித்த மறுநாள் நாம் ரேஸோடு ஆட டாம்பாவுக்கு விமானம் ஏறியிருப்போம்.

ஏறித் தோற்றிருப்போம், அது எனக்கும் தெரியும். யார் பந்து போட்டிருப்பார்கள்?

ஏப்ரல் 21, 2012

ஃபென்வேக்கு நேற்றோடு நூறு வயசு. இன்று யாங்கீஸுக்கு எதிராக ஒன்பதுக்குப் பூஜ்யம் முன்னால் இருந்தோம். ஒன்பதுக்குப் பதினைந்து என்று தோற்றோம்.

இந்த இழையின் தலைப்பை மாற்ற வேண்டியதே இல்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சிரிக்க முடியவில்லை.

ஜூன் 5, 2012

டிசம்பர் 29 குறிப்புக்குத் திருத்தம். பெய்லிக்குக் கட்டைவிரல் காயம், இன்னும் ஒரு பந்துகூடப் போடவில்லை. பார்ட் ஞாயிறன்று டொராண்டோவில் இரண்டு இன்னிங்ஸ் முடிவதற்குள் ஆறு பேருக்கு வாக் (இலவசமாக முதல் பேஸ்) கொடுத்து இரண்டு பேரைப் பந்தால் அடித்தார். இன்று மைனர் லீக்குக்கு அனுப்பிவிட்டார்கள். மணிக்கு நூறு மைல் வேகத்தில் போட்ட பையன். புல்பென்னில் (ஸ்டார்ட்டருக்குப் பிறகு வந்து போடுபவர்கள் குழு) இருந்தவரை எடுத்து ஸ்டார்ட்டராக்கியதில் புல்பென்னும் போச்சு, ஸ்டார்ட்டரும் வரவில்லை. நான் இதற்குக் கை தட்டியிருக்கிறேன், மேலே இருக்கிறது பாருங்கள்.

ரெடிக் ஓக்லண்டில் ஹோம் ரன்னாக அடித்துத் தள்ளுகிறார். பத்துப் பேர் கிடைப்பார்கள் என்று எழுதியவன் கையை உடைக்க வேண்டும்.

ஆகஸ்ட் 26, 2012

காலையில் எழுந்து மூன்று முறை படித்தேன். அட்ரியன் கொன்சாலஸ், பெக்கெட், கிராஃபோர்டு, பன்டோ நாலு பேரும் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்கு. சம்பளப் பாக்கி 260 மில்லியனுக்கும் மேல், பெரும் பங்கு அவர்கள் தலையில். பதிலுக்கு நமக்கு ஜேம்ஸ் லோனியும் நாலு இளைஞர்களும்.

என் மனைவிக்கு பேஸ்பால் தெரியாது. விஷயத்தைச் சொன்னதும், "பழைய இரும்புக்காரன் வீட்டைத் தேடி வந்து காசும் கொடுத்துவிட்டுப் போன மாதிரியா?" என்றாள். இதைவிட நன்றாக இந்த ஊர் வானொலியில் யாரும் சொல்லவில்லை.

கொன்சாலஸ் போவது மட்டும் வருத்தம். போன வருஷம் சராசரி .338 அடித்தவர் பழைய இரும்பு இல்லை.

அக்டோபர் 5, 2012

69 வெற்றி, 93 தோல்வி. போன வருஷம் கடைசி இடத்தில் இருந்து நம்மைக் கவிழ்த்த பால்டிமோரின் கணக்கும் அச்சு அசலாக இதுதான். 1965-க்குப் பிறகு நமக்கு இவ்வளவு மோசமான வருஷம் இல்லை. வேலன்டைனை நேற்று அனுப்பிவிட்டார்கள். பால்டிமோர் இந்த வருஷம் வைல்ட் கார்டில் உள்ளே. ஆண்டினோ சந்தோஷமாக இருப்பார்.

டிசம்பர் 21, 2012

கையில் அவ்வளவு பணம் மிச்சம். வாங்கியது யாரை? விக்டோரினோவுக்கு 3 வருஷம் 39 மில்லியன். ஜானி கோம்ஸ். டேவிட் ராஸ். டெம்ப்ஸ்டர். நப்போலியை எடுக்கப் போய் இடுப்பில் கோளாறு என்று தெரிந்து பேரம் நிற்கிறது. புல்பென்னுக்கு கோஜி உஎஹாரா, 37 வயசு.

பெரிய பெயர் ஒன்றுகூட இல்லை. டொராண்டோவிலிருந்து ஜான் ஃபாரலை மேனேஜராகக் கொண்டு வந்தது ஒன்றுதான் எனக்குப் புரிகிறது, இங்கே முன்பு பிட்சிங் கோச்சாக இருந்தவர். மற்றபடி ரேஷன் கடையில் மிச்சம் இருந்ததை அள்ளி வந்தது போல் இருக்கிறது. அடுத்த வருஷம் மறுபடியும் கடைசி இடம். டிக்கெட் எடுக்கப் போவதில்லை.

அக்டோபர் 31, 2013, அதிகாலை

டிக்கெட் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவரோடு அவர் வீட்டில் பார்த்தேன். 97 ஆட்டம் ஜெயித்து, நேற்று ராத்திரி ஃபென்வேயிலேயே உலகத் தொடர் கோப்பை. சொந்த மைதானத்தில் கடைசியாக ஜெயித்தது 1918-ல். பெரியவருக்கு 1918 தெரியாது, அவருடைய அப்பா சொல்லிக் கேட்டதுதான். ஏழாவது இன்னிங்ஸுக்குப் பிறகு சமையலறையில் போய் நின்றுகொண்டார். டிவியை அணைக்கவில்லை.

மூன்றாவது இன்னிங்ஸில் பேஸ் மூன்றும் நிரம்பியிருக்க, இடது சுவரில் மோதிய டபுள் அடித்தது யார்? விக்டோரினோ. கடைசி அவுட்டை ஸ்ட்ரைக் அவுட்டாக எடுத்தது யார்? உஎஹாரா. ஹன்ரஹனுக்கும் பெய்லிக்கும் காயம் என்பதால் மூன்றாவது ஆளாகக் குளோசர் வேலை கிடைத்தவர். டிசம்பர் 21 குறிப்பை யாரும் மேற்கோள் காட்ட வேண்டாம், நானே பார்த்துவிட்டேன்.

பந்து போட்டது லாக்கி. ஏழாவது இன்னிங்ஸ் வரை ஒரே ஒரு ரன். ஃபாரல் மாற்ற வந்தபோது போக மறுத்து இன்னும் ஒருவருக்குப் போட்டார். பிறகு வெளியே நடந்தபோது மைதானம் முழுக்க அவர் பெயரைச் சொல்லிக் கத்தியது. தொப்பியை எடுத்துக் காட்டினார்.

அக்டோபர் 31, 2013, மதியம்

கேள்வி கேட்டவர் இரண்டு வருஷம் கழித்து வந்து ஒரே வரி எழுதியிருக்கிறார்: "சட்டை?"

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடைக்குப் போனேன். 41-ஆம் நம்பர் தீர்ந்துவிட்டதாம், சின்னப் பிள்ளைகள் அளவு மட்டும் இருக்கிறது. பெரிய அளவு அடுத்த வாரம் வரும் என்றார்கள். முன்பணம் கட்டிவிட்டு வந்திருக்கிறேன், ரசீது இருக்கிறது.